வறண்ட, வெயில் மிகுந்த தோட்டத்தில் பட்லியா வளர்ப்பது எப்படி?

வீட்டை ஒட்டி நாள் முழுவதும் வெயில் விழும் திறந்த நிலம் இருக்கிறது; மண் சரளை கலந்தது; தண்ணீரை அளந்துதான் செலவிட முடியும். அங்கே வண்ணத்துப்பூச்சிகளை வரவழைக்கும் பட்லியா புதரை வளர்க்கலாமா, வளர்த்தால் எவ்வளவு தண்ணீர் விடுவது, எப்போது கவாத்து செய்வது, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது என்பது கேள்வி. கேட்டவர் வெயிலையும் வறட்சியையும் தம் தோட்டத்தின் குறைகளாகச் சொல்கிறார். இந்தச் செடியின் கணக்கில் அவை இரண்டும் குறைகளே அல்ல. பட்லியாவைக் கெடுப்பவை நிழலும், வேரடியில் தேங்கும் நீரும், அளவுக்கு மீறிய உரமும்தான். அதற்காக, 'வறட்சியைத் தாங்கும் செடி' என்று விற்பனைச் சீட்டில் எழுதியிருப்பதைத் தண்ணீரே வேண்டாத செடி என்று பொருள்கொள்ளவும் கூடாது. வேர் ஊன்றிய பட்லியா கடும் வறட்சியிலும் உயிரோடு இருக்கும். ஆனால் உயிரோடு இருப்பது வேறு, வண்ணத்துப்பூச்சிகள் தேடிவரும் அளவுக்குத் தேன் சுரந்து பூப்பது வேறு. பின்வரும் குறிப்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடப்பதற்கானவை.

தோட்டங்களில் பரவலாகக் காணப்படும் பட்லியா டேவிடி என்ற சிற்றினம் மத்திய சீனாவின் மலைப்பகுதிகளைச் சேர்ந்தது. பிரெஞ்சுப் பாதிரியாரும் இயற்கை ஆய்வாளருமான அர்மான் டேவிட் 1869இல் அதை அங்கே சேகரித்தார். 1887இல் அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அது இயல்பாக முளைக்கும் இடங்கள் ஆற்றோரக் கூழாங்கல் திட்டுகளும், மண் சரிந்த மலைச்சரிவுகளும், சுண்ணாம்புப் பாறை இடுக்குகளும் ஆகும். அந்த நிலத்தை மனக்கண்ணில் கொண்டுவந்து பார்த்தால் வளர்ப்பு முறை முழுவதும் அதிலிருந்தே விளங்கிவிடும். கூழாங்கல் திட்டில் நிழல் தரும் பெருமரங்கள் இல்லை. ஆகவே அதற்கு முழு வெயில் வேண்டும். சத்து மிகுந்த மேல்மண் இல்லை; ஆகவே உரம் தேவைப்படுவதில்லை. பெய்த மழை உடனே இறங்கிவிடுகிறது. ஆகவே தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்து எப்போதும் உலர்ந்தே இருக்க வேண்டும். மேற்பரப்பு காய்ந்து கிடந்தாலும் ஆழத்தில் ஈரம் இருக்கிறது. ஆகவே வேர்கள் கீழ்நோக்கிப் போகப் பழகியவை. வெள்ளம் வரும்போதெல்லாம் செடி முறிபடுகிறது, மறுபடி அடியிலிருந்து துளிர்க்கிறது. ஆகவே கடுமையான கவாத்தை அது தாங்குவதோடு, அதன் பின்னரே நன்றாகவும் பூக்கிறது.

நடுவதற்கு முன்னால் எந்தச் செடியை வாங்குகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் வண்ணத்துப்பூச்சிச் செடி என்ற பொதுப்பெயரில் தொடர்பில்லாத வேறு செடிகளும் விற்கப்படுகின்றன. பூவே நீல வண்ணத்துப்பூச்சியைப் போல் விரிந்திருக்கும் கிழக்கு ஆப்பிரிக்கச் செடி ஒன்று உண்டு. அது ரொத்தேக்கா என்ற வேறொரு பேரினம், ஓரளவு நிழலையும் கூடுதல் ஈரத்தையும் விரும்புவது. பட்லியாவை அடையாளம் காண்பது கடினமன்று. நீண்டு கூரிய இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். இலையின் அடிப்புறம் சாம்பல் வெண்மையான மென்மயிரால் மூடியிருக்கும். கிளை நுனியில் ஒரு சாண் வரை நீளும் கூம்பு வடிவப் பூங்கதிர் வரும். அதிலுள்ள ஒவ்வொரு சிறு பூவும் சுமார் 1 செ.மீ. நீளமுள்ள குழாயாகவும், அதன் வாயில் நான்கு இதழ்களாகவும், நடுவில் ஆரஞ்சு நிறக் கண்ணாகவும் இருக்கும். அந்தக் குழாயின் அடியில்தான் தேன் இருக்கிறது. நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள வண்ணத்துப்பூச்சிக்கு அது எளிதில் எட்டும், குட்டை நாக்குள்ள தேனீக்களுக்கு எளிதில் எட்டாது என்பதே இந்தப் புதரில் வண்ணத்துப்பூச்சிகள் இவ்வளவு கூடுவதற்கு ஒரு காரணம்.

எந்தச் சிற்றினம் என்பதை உங்கள் குளிர்காலம் தீர்மானிக்கும். டேவிடி மிதமான தட்பவெப்பத்தின் செடி. உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ் வரை குளிர் போனாலும் மேற்பகுதி கருகி வேர் பிழைத்துக்கொள்ளும், வசந்தத்தில் மீண்டும் துளிர்க்கும். குளிர்காலமே இல்லாமல், இரவிலும் புழுக்கம் தணியாத இடங்களில் அது சோர்ந்து, இலை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கும். அத்தகைய இடங்களில் இந்தியா முதல் தென்கிழக்கு ஆசியா வரை இயல்பாக வளரும் பட்லியா ஆசியாட்டிக்கா பொருத்தமானது. அதன் வெண்ணிறப் பூங்கதிர்கள் மெலிந்து தொங்குபவை, நறுமணத்தில் டேவிடியை மிஞ்சுபவை, குளிர்ந்த மாதங்களில் பூப்பவை. மடகாஸ்கரின் மஞ்சள் பூ பட்லியாவும் வெப்பத்தைத் தாங்கும், ஆனால் அது கொடிபோல் படர்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் சிறு தோட்டத்துக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. உண்மையான பாலைநிலக் காலநிலை என்றால், வட அமெரிக்காவின் சிவாவா பாலைவனத்தைச் சேர்ந்த மரூபிஃபோலியா என்ற கம்பளி இலைப் பட்லியா இருக்கிறது. சிறிய ஆரஞ்சு உருண்டைகளாகப் பூக்கும் அது டேவிடியின் ஆடம்பரம் இல்லாதது, ஆனால் வறட்சியைத் தாங்குவதில் டேவிடி அதனருகே வராது.

டேவிடி வகைகளுக்குள் நிறத்தைவிட உயரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே நல்லது. அடர் ஊதாப் பூக்களுள்ள பிளாக் நைட், செவ்வூதா நிறத்து ராயல் ரெட் போன்ற பழைய வகைகள் இரண்டரை, மூன்று மீட்டர் எளிதாக உயரும்; அதே அளவுக்கு அகலமும் கேட்கும். நான்ஹோ வரிசையைச் சேர்ந்தவை ஏறத்தாழ ஒன்றரை மீட்டரில் நிற்கும். புளூ சிப் போன்ற குள்ள வகைகள் ஒரு மீட்டரைத் தாண்டுவதில்லை, தொட்டிக்கும் அவையே ஏற்றவை. வெள்ளைப் பூ வகைகள் படத்தில் அழகாகத் தெரியும்; ஆனால் பூங்கதிர் அடியிலிருந்து நுனி நோக்கி மலர்வதால், மேற்பாதி மலரும்போது கீழ்ப்பாதி பழுப்பாகிவிடும், அந்தப் பழுப்பு வெள்ளையில்தான் மிகவும் துருத்திக்கொண்டு தெரியும். வாடிய கதிர்களை அடிக்கடி வெட்ட நேரமில்லாதவர்கள் ஊதாவிலேயே நின்றுகொள்ளலாம்.

இடம் குறைந்தது ஆறு மணி நேரம் நேரடி வெயில் படுவதாக இருக்க வேண்டும். வண்ணத்துப்பூச்சிகளும் உடல் சூடேறிய பிறகே பறக்கக்கூடியவை என்பதால் செடிக்கு ஏற்ற வெயில் அவற்றுக்கும் ஏற்றதாகிறது. காற்று வலுவாக வீசும் பக்கத்தில் ஒரு சுவரோ வேலியோ இருந்தால் இன்னும் நல்லது. மண்ணைப் பொறுத்தவரை வளம் முக்கியமில்லை, வடிகாலே முக்கியம். வறண்ட தோட்டத்திலும் வடிகால் மோசமாக இருக்க முடியும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை: கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் களிமண், மழைக்காலத்தில் அதே குழியில் நாட்கணக்கில் நீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும். நடப்போகும் இடத்தில் 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி, நீர் நிரப்பி, அது வடிந்த பின் மறுபடி நிரப்பிப் பாருங்கள். மணிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவிலாவது நீர்மட்டம் இறங்கினால் போதும். மறுநாளும் குழியில் நீர் நின்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். வேறு இடமே இல்லையென்றால் 30 செ.மீ. உயரத்துக்கு மண்மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். களிமண் குழிக்குள் மணலைக் கொட்டிச் சமாளிக்கும் வழக்கத்தால் பயனில்லை. சுற்றிலும் உள்ள களிமண் அப்படியே இருக்க, குழி மட்டும் நீர் சேரும் கிண்ணமாகிவிடும். மண் சற்று அமிலமாகவோ சுண்ணாம்பு மிகுந்ததாகவோ இருந்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை. பி.எச். அளவு 5.5 முதல் 8.5 வரை பட்லியா ஏற்றுக்கொள்ளும்.

நடும் பருவம்தான் வறண்ட தோட்டத்தில் பாதி வெற்றி. கடும் கோடையின் வாசலில் நட்ட செடி, வேர் விடுவதற்கு முன்பே இலைகளைக் காப்பாற்றப் போராட வேண்டியிருக்கும். உறைபனி இல்லாத இடங்களில் மழைக்காலத் தொடக்கமோ குளிர்ந்த மாதங்களோ சிறந்தவை. உறைபனி உள்ள இடங்களில் பனி விலகிய வசந்தம் சிறந்தது. குழி வேர்க்கட்டியைப் போல் இரு மடங்கு அகலமாகவும், அதே ஆழத்திலும் இருக்கட்டும். தொட்டிக்குள் வட்டமிட்டுச் சுற்றியிருக்கும் வேர்களை விரலால் பிரித்துவிட வேண்டும். பிரிக்காமல் நட்டால் ஓராண்டு கழிந்தும் வேர் அதே உருண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், அத்தகைய செடியே முதல் கோடையில் காரணம் தெரியாமல் காய்கிறது. தோண்டிய மண்ணையே திரும்ப நிரப்புங்கள். மிகவும் வெறும் சரளை என்றால் ஒரு கூடை மட்கு உரம் கலக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். செடிக்குச் செடி, பெரிய வகைகளுக்கு 2 மீட்டருக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள். நட்ட பின் 5 செ.மீ. கனத்துக்குச் சரளைக்கல்லோ மரச்செதிலோ மூடாக்காக இடலாம், ஆனால் அது தண்டைத் தொடாமல் ஒரு கையகலம் விலகியிருக்க வேண்டும்.

இனித் தண்ணீர். முதல் ஆண்டையும் அதற்குப் பிந்திய ஆண்டுகளையும் தனித்தனியாகவே நினைக்க வேண்டும். முதல் ஆண்டில் பட்லியா வறட்சியைத் தாங்கும் செடி அன்று. வேர் இன்னும் மேல்மண்ணில்தான் இருக்கிறது, மேல்மண் காய்ந்தால் செடியும் காயும். நட்ட முதல் சில வாரங்களுக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறையும், பிறகு வாரம் ஒருமுறையும், மழையில்லாக் கோடையில் வாரம் இருமுறையும், ஒவ்வொரு முறையும் 10 முதல் 15 லிட்டர் வரை மெதுவாக இறங்கும்படி விடுங்கள். மணிக்கு 4 லிட்டர் விடும், சொட்டுநீர்க் குழாயின் ஒரு சொட்டுவாய் மூன்று மணி நேரம் ஓடினால் இந்தக் கணக்கு சரியாக வரும். தினமும் ஒரு குவளை ஊற்றுவது மிச்சம்போலத் தோன்றும், ஆனால் அந்த நீர் மேலாக உள்ள இரண்டு அங்குலத்தையே நனைத்து வெயிலில் ஆவியாகிறது. வேரும் அந்த ஈரத்தைத் தேடி மேலேயே படர்கிறது. அப்படி வளர்த்த செடியை மூன்றாம் ஆண்டில் தண்ணீரில்லாமல் விட்டால் அது தாங்காது, அப்போது குற்றம் செடியின் மேல் போடப்படும். நீர் விட்ட மறுநாள் ஓர் இரும்புக் கம்பியைச் செடிக்கு அருகே செருகிப் பாருங்கள், 30 செ.மீ. வரை தடையின்றி இறங்கினால் நனைந்தது போதும்.

இரண்டாம் ஆண்டு முதல் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம். வேர் ஊன்றிய செடிக்கு, பூக்கும் பருவத்தில் மழையில்லாமல் போனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆழமான நீர் கிடைத்தால் போதும். பூக்காத மாதங்களில் அதுவும் தேவைப்படாமல் போகலாம். நண்பகலில் இலைகள் துவண்டிருப்பதைப் பார்த்துக் குழாயைத் திறக்காதீர்கள், அது கடும் வெப்பத்தில் பெரிய இலைகள் நீரிழப்பைக் குறைத்துக்கொள்ளும் வழி. மாலையில் நிமிர்ந்துவிட்டால் செடி நலமாக இருக்கிறது. காலையிலும் துவண்டே இருந்தால்தான் அதற்குத் தண்ணீர் வேண்டும். மண் ஈரமாக இருந்தும் காலையில் துவண்டிருந்தால் வேர் அழுகுகிறது என்று பொருள், அப்போது தண்ணீர் விடுவது அதைக் கொன்றுவிடும். தண்ணீர் மிகவும் குறைவாக இருப்பவர்கள் அதை ஆண்டு முழுவதும் பங்கிட்டுத் தருவதைவிட, மொட்டு உருவாகும் மூன்று நான்கு வாரங்களில் முழுமையாகத் தந்துவிடுவது நல்லது. வறட்சியில் பூங்கதிர்கள் குட்டையாகும், தேன் சுரப்பும் குறையும். தேன் குறைந்த புதரை வண்ணத்துப்பூச்சிகள் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கடந்துபோகும்.

உரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை கவாத்துக்குப் பின் ஒரு கூடை மட்கு உரம் போதும். தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரங்கள் இலையைப் பெருக்கும், தண்டை நீட்டி மென்மையாக்கும், பூவைக் குறைக்கும். அருகில் புல்வெளி இருந்து அதற்கு உரம் இடப்படுகிறது என்றால் அந்த நீர் பட்லியாவின் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவாத்துதான் பெரும்பாலோர் தயங்கும் இடம். டேவிடி அந்தப் பருவத்தில் வளர்ந்த புதுக்கிளையின் நுனியில் பூக்கிறது. வெட்டாமல் விட்டால் ஒவ்வோர் ஆண்டும் பழைய கிளையின் மேலேயே புதுக்கிளை ஏறி, நான்கைந்து ஆண்டுகளில் கீழே வெறும் கட்டையும், தலைக்கு மேல் எட்டாத உயரத்தில் சிறு சிறு பூக்களுமாக ஆகிவிடும். எனவே ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலம் முடிந்து அடிப்பகுதிக் கணுக்களில் பசுமை தெரியத் தொடங்கும்போது, எல்லாக் கிளைகளையும் தரையிலிருந்து 30 முதல் 45 செ.மீ. உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். உறைபனி இல்லாத இடங்களிலும் குளிர்ந்த மாதங்களின் முடிவே சரியான காலம். முதன்முறை வெட்டுபவருக்குச் செடியைக் கொன்றுவிட்டோமோ என்று தோன்றும் அளவுக்குக் கடுமையாக வெட்ட வேண்டும். அதன் பின்னரே ஆளுயரக் கிளைகளும் நீண்ட கதிர்களும் வரும். குளிர் நாடுகளில் இலையுதிர் காலத்திலேயே வெட்டிவிடுவது கேடு, ஏனெனில் வெட்டுக்குப் பின் வரும் இளந்துளிர் பனியில் கருகும். நட்ட முதல் ஆண்டில் இவ்வளவு கடுமை வேண்டாம், மெலிந்த கிளைகளை நீக்கினால் போதும்.

இந்த விதி டேவிடிக்கும் அதன் கலப்பினங்களுக்கும் உரியது. இலைகள் மாறிமாறி அமைந்து, கிளைகள் அருவிபோல் வளைந்து தொங்கும் ஆல்டர்னிஃபோலியா என்ற சிற்றினமும், தென் அமெரிக்காவின் ஆரஞ்சு உருண்டைப் பூ பட்லியாவும் முந்தைய ஆண்டுக் கிளையில் பூப்பவை. அவற்றைக் குளிர்கால முடிவில் வெட்டினால் அந்த ஆண்டுப் பூ முழுவதும் போய்விடும். பூத்து முடிந்தவுடனே வெட்ட வேண்டும். இலை மட்டும் செழித்துப் பூவே வராத பட்லியாவுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது நிழலோ, உரமோ, அல்லது பருவம் தவறிய இந்தக் கவாத்தோதான்.

பூக்கும் காலத்தில் வாடிய கதிர்களை வாரம் ஒருமுறை வெட்டுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இலைகள் எதிரெதிராக இருப்பதால், கதிருக்குக் கீழே உள்ள இலைச்சோடிக்கு மேல் வெட்டினால் இலை தண்டோடு சேரும் அந்த இரு கக்கங்களிலிருந்தும் இரண்டு புதுக்கதிர்கள் கிளம்பும். பூக்காலம் மாதக்கணக்கில் நீளும். இரண்டாவது காரணம் உங்கள் தோட்டத்தின் எல்லையைத் தாண்டியது. ஒரு பெரிய பட்லியா இலட்சக்கணக்கில் தூசிபோன்ற விதைகளை உருவாக்கிக் காற்றில் விடுகிறது. அவை முளைக்க விரும்பும் இடம் துல்லியமாக நீங்கள் விவரித்திருக்கும் வகையான காய்ந்த சரளை நிலம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் குண்டு விழுந்த கட்டட இடிபாடுகளில் அது காடாக வளர்ந்தது. இன்றும் அங்கே ரயில்பாதை ஓரங்களிலும் சுவர் வெடிப்புகளிலும் அதைக் காணலாம். நியூசிலாந்தில் காட்டு மரக்கன்றுகளை அமுக்கிவிடுவதால் அதன் இலையைத் தின்னும் கூன்வண்டு ஒன்றை 2006இல் கொண்டுவந்து விட்டார்கள். அமெரிக்காவின் ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்கள் அதைக் களைப் பட்டியலில் வைத்திருக்கின்றன. ஓரிகனில் முளைக்கும் விதை 2 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள வகைகளுக்கு மட்டுமே விற்பனை அனுமதி உண்டு. எனவே வாங்குவதற்கு முன் உங்கள் பகுதியில் அதற்குத் தடை உண்டா என்று விசாரியுங்கள். தடை இல்லாவிட்டாலும், அருகில் ஆற்றுப்படுகையோ காடோ இருந்தால் விதை குறைந்த வகைகளையே நடுங்கள். விதைக்கூடு பழுப்பாகும் முன் கதிரை வெட்டிவிடுங்கள். இதைச் செய்ய மனமில்லாதவர் பட்லியா நடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

பூச்சித் தொல்லையில் வறண்ட தோட்டத்துக்கு உரியது இலைச்சாற்றை உறிஞ்சும் நுண்ணிய செஞ்சிலந்தி. இலையின் மேற்புறத்தில் ஊசியால் குத்தியதுபோல் வெளிர்புள்ளிகள் நிறைந்து, அடிப்புறத்தில் நுண்வலை தெரிந்தால் அதுதான். காலை வேளையில் இலையின் அடிப்புறம் நோக்கித் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவதைச் சில நாட்கள் தொடர்ந்தால் பெரும்பாலும் அடங்கும். வெப்பமான மணற்பாங்கு நிலங்களில் வேர்முடிச்சு நூற்புழுவும் வரலாம். செடி ஆண்டுக்கு ஆண்டு குன்றினால் வேரைத் தோண்டிப் பாருங்கள். முடிச்சுகள் இருந்தால் அங்கே மறுபடி பட்லியா நடாதீர்கள், நல்ல கலவை நிரப்பிய தொட்டிக்கு மாறுங்கள். பூச்சிக்கொல்லி மட்டும் எக்காரணத்துக்காகவும் வேண்டாம். தெளிப்பது மட்டுமல்ல, வேர்வழி ஏறும் மருந்து இட்டு வளர்த்த நாற்றங்கால் செடியின் தேனிலும் அந்த நஞ்சு இருக்கும் என்பதால், வாங்கும் இடத்திலேயே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக, பட்லியா வண்ணத்துப்பூச்சிகளுக்கு உணவுக்கூடமே தவிரப் பிறப்பிடம் ஆகாது. அதன் இலையைத் தின்று வளரும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் மிகவும் அரிது. தாய்ப்பூச்சி முட்டையிடுவதற்கு அதனதன் இனத்துக்குரிய செடி வேண்டும்: வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி வகைகளுக்கு எருக்கும் அதன் உறவுச் செடிகளும், அழகி வகைகள் பலவற்றுக்கு எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலையும், வேறு சிலவற்றுக்குக் காட்டுப்புற்களும். உங்கள் பகுதியில் எந்த வண்ணத்துப்பூச்சிகள் பறக்கின்றன என்று பார்த்து, அவற்றின் புழுக்களுக்கான செடிகளில் வறட்சி தாங்குபவை இரண்டையாவது பட்லியாவின் பின்புறம், இலை ஓட்டையானால் கண்ணை உறுத்தாத இடத்தில் வையுங்கள். சொட்டுவாய் ஒன்றின் கீழ் மணல் நிரப்பிய அகலத் தட்டு ஒன்றை வைத்தால், பூச்சிகள் ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சிக்கொள்ள அதில் வந்து அமரும். நீர் தேங்கி நிற்காமல் மணல் ஈரமாக மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் கொசுவும் வராது.